பள்ளத்தை மூடும் முன்பே படம் எடுத்துவிடுங்கள்

காரைக்குடிப் பகுதியில் விபத்து வழக்குகளை நடத்திவரும் எனக்கு, சாலைப் பள்ளத்தால் உயிர் போனதென்று கட்சிக்காரர் வந்து உட்காரும்போதெல்லாம் முதலில் கேட்கத் தோன்றுவது, அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறதா என்பதுதான். பெரும்பாலும் இருப்பதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அங்கே தார் போட்டு மெழுகியிருப்பார்கள்.

கிராமச் சாலையொன்றில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தைச் செம்மண்ணால் மேவிவிட்டுப் போயிருந்தார்கள். மழையில் மண் இறங்கி, முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. இரவில் அதில் இறங்கிய கார் புளியமரத்தில் மோதி, ஓட்டிவந்தவர் இறந்துபோனார். முதல் தகவல் அறிக்கையோ, அவர் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' ஓட்டியதாகச் சொன்னது. விடிந்ததும் அவருடைய தங்கை மகன் கைப்பேசியில் எடுத்த ஒரே படம்தான் வழக்குக்கு உயிர் கொடுத்தது: பள்ளத்தின் விளிம்பில் சக்கரத் தடம், எச்சரிக்கைப் பலகையோ விளக்கோ இல்லாத வெறும் சாலை.

இப்படி வேறு வாகனம் எதுவும் சம்பந்தப்படாத விபத்தில், சொந்த வண்டியை ஓட்டியவரின் குடும்பம், பிறருக்கு நேரும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து இழப்பீடு பெற முடியாது. உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்று பாலிசியை எடுத்து உடனே பாருங்கள்.

சாலையைப் பராமரிக்க வேண்டியவர்கள் மீது வழக்குப் போடுவது வேறு பாதை. திருச்சி–இராமேசுவரம் தேசிய நெடுஞ்சாலையிலிருந்து கிளைச் சாலைக்குத் திரும்பினாலே பொறுப்பு மாநில நெடுஞ்சாலைத் துறைக்கோ ஊராட்சி ஒன்றியத்துக்கோ மாறிவிடக்கூடும். ஆகவே சாலை யாருடையது, தோண்ட அனுமதி பெற்ற ஒப்பந்ததாரர் யார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு எழுத்தில் வாங்குங்கள். அரசின் மீது உரிமையியல் வழக்குத் தொடர, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80ஆம் பிரிவின்படி 2 மாத அறிவிப்புத் தர வேண்டும். 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டத்தில் வழக்குப் போட, இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளே கெடு. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம் என்றாலும், நடந்தது என்ன என்பதிலேயே தகராறு இருந்தால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவதுண்டு.

2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவைச் சொல்லி, ஒரு லட்சம் கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். சாலைத் தரத்தைக் காக்கத் தவறியதால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பானவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அது வழிசெய்கிறது. ஆனால் அந்தத் தொகை விபத்து நிதிக்குப் போகிறதே தவிர, நேராகக் குடும்பத்தின் கைக்கு வருவதில்லை என்று அவர்களிடம் சொல்லும்போது எனக்கே மனம் கனத்துவிடுகிறது.

துக்க வீட்டில் இதையெல்லாம் நினைக்கும் நிலையில் யாரும் இருக்கமாட்டார்கள் என்பது தெரியும். பங்காளிகளில் ஒருவராவது அன்றே இடத்துக்குப் போய், பள்ளத்துக்குள் அளவுநாடாவை இறக்கி, பக்கத்து மைல்கல்லும் தெரியும்படி படம் எடுத்து வைக்கட்டும்.