எடை ஒன்றுதான், குறை வேறு வேறு

அங்கன்வாடியில் எடை பார்த்துவிட்டு ‘பாப்பா எடை குறைவா இருக்கு’ என்று சொன்னால் போதும், ‘பிள்ளைக்கு ஒழுங்கா ஊட்டுறதில்லை’ என்று அம்மாவைத்தான் முதலில் பிடிப்பார்கள். ஆனால் அந்தக் கணக்கு என்ன சாப்பிட்டது என்றெல்லாம் பார்ப்பதில்லை, இந்த வயசுக்கு இந்த எடை போதுமா என்று மட்டும்தான் பார்க்கும்.

ஒப்பிட எடுத்துக்கொள்வது உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடம். பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று 6 நாடுகளில், தாய்ப்பால் குடித்து நல்ல வசதியில் வளர்ந்த பிள்ளைகளை அளந்து போட்டது. (வெள்ளைக்காரப் பிள்ளைகள் கணக்கு நமக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு: தில்லிப் பிள்ளைகளும் அதில் உண்டு.) அதன்படி 2 வயதுப் பெண் குழந்தையின் நடு எடை (பாதிப் பேர் இதற்கு மேலே, பாதிப் பேர் கீழே) 11.5 கிலோ. 9 கிலோவுக்குக் கீழே போனால் எடை குறைவு, 8.1-க்கும் கீழே என்றால் கடுமையான குறைவு. ஆரோக்கியமான பிள்ளைகளிலேயே நூற்றுக்கு இரண்டு பேர் அந்த 9 கிலோக் கோட்டுக்குக் கீழேதான் வருவார்கள், அதனால் அதைப் பார்த்ததுமே பதற வேண்டியதில்லை.

சரி, 2 வயதில் 8.8 கிலோ இருக்கும் இரண்டு பெண் குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். ஒருத்தி உயரம் 78 செ.மீ., இன்னொருத்தி 86. பதிவேட்டில் இரண்டு பேருமே எடை குறைவுதான். முதல் பிள்ளைக்கு அவள் உயரத்துக்கு அந்த எடை பரவாயில்லை, வளர்த்திதான் இல்லை. கருவில் இருந்தபோதே தொடங்கிய சத்துக் குறைவும் அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து மெதுவாகச் செய்த வேலை அது. இரண்டாமவள் உயரத்தில் குறையில்லை, உடம்புதான் வற்றியிருக்கிறது. விடாத பேதியோ தட்டம்மையோ வந்தால் சில வாரங்களிலேயே இப்படி ஆகிவிடும், உயிருக்கு உடனடி ஆபத்தும் இவளுக்குத்தான் அதிகம். தராசு முள்ளை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

அதனால்தான் 6 மாதத்திலிருந்து 5 வயது வரை மேல்கையின் நடுவில் நாடா சுற்றிப் பார்க்கிறார்கள், 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் தாமதிக்கக் கூடாது. அப்புறம் கால் வீக்கம். இரண்டு பாதத்தின் மேற்புறத்திலும் கட்டைவிரலால் கொஞ்ச நேரம் அழுத்தி எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றால் உடம்பில் நீர் கோத்திருக்கிறது. அந்த நீரின் எடையும் தராசில் சேர்ந்துவிடும் என்பதால், கடுமையான சத்துக் குறைவில் இருக்கும் பிள்ளைகூட வளர்ச்சி அட்டையில் எடை குறைவுக் கோட்டுக்கு மேலேயே நிற்கலாம். அந்தக் குழி தெரிந்தால் தராசு என்ன காட்டினாலும் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான்.