பாஸ்வேர்டு அந்தப் பக்கம் போறதே இல்ல: ஸ்கூல் ஸ்டாஃப் லாகினுக்குள்ள என்ன நடக்குது

தென்னாப்பிரிக்கால சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், லெனேஷியான்னு எங்க ஸ்கூல்ல ஐடி பொறுப்பு பார்த்தாலும் ஜனவரில ஸ்கூல் திறந்ததும் ஒரே கதைதான், மெயிலுக்கு ஒரு பாஸ்வேர்டு, ஆன்லைன்ல பாடமும் மார்க்கும் வைக்கற மூடில் சாப்ட்வேருக்கு ஒண்ணு, லைப்ரரி சாப்ட்வேருக்கு ஒண்ணு, லீவு அப்ளை பண்ண ஒண்ணு, எல்லாத்தையும் டிசம்பர் லீவுல மறந்துட்டு ஸ்டாஃப் பூரா வரிசைல வந்து நிப்பாங்க. இதுக்குத்தான் சிங்கிள் சைன் ஆன், சுருக்கமா எஸ்எஸ்ஓ. ஸ்கூல் கூகுள் அக்கவுன்டோ மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டோ ஒண்ணு இருந்தா போதும், மத்த எல்லாம் அதுலயே திறக்கும். ஆனா இது உள்ள எப்படி ஓடுதுன்னு தெரியாம செட்டப் பண்ணி விட்டா, ஒருநாள் காலைல எல்லாருக்கும் மொத்தமா நின்னுபோகும், எங்க கை வைக்கறதுன்னே புரியாது. அதனால உள்ள போய் பார்த்துடுவோம்.

நிறைய பேர் நினைக்கிறது என்னன்னா, நம்ம பாஸ்வேர்டை கூகுள் வாங்கி மூடிலுக்கு அனுப்பி வைக்குதுன்னு. அப்படி நடக்கவே இல்ல. டீச்சர் மூடில்ல "ஸ்கூல் அக்கவுன்ட்" பட்டனை அழுத்துனதும் மூடில் அவங்க பிரவுசரை கூகுள் பக்கம் திருப்பி விடுது, பாஸ்வேர்டு அங்க மட்டும்தான் டைப் ஆகுது, சரியா இருந்தா கூகுள் ஒரு லெட்டர் எழுதுது: இவங்க யாரு, எந்த சாப்ட்வேருக்காக எழுதுனது, எத்தனை மணிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும் செல்லும். அதுல கையெழுத்து போட்டு பிரவுசர்கிட்டயே குடுத்துடும், பிரவுசர் அதைக் கொண்டுபோய் மூடில்கிட்ட குடுக்கும். கோயில்ல கவுன்டர்ல காசு கட்டி அர்ச்சனைச் சீட்டு வாங்கிட்டுப் போறோமே அது மாதிரி, ஐயர் நம்ம பர்ஸைப் பார்க்கறதில்ல, சீட்டுல முத்திரை இருக்கா, இன்னைக்குத் தேதியா, இந்த சன்னதிக்கா, அவ்வளவுதான் பார்ப்பாரு.

இந்த லெட்டரோட வடிவத்துக்குப் பேரு சாம்எல், இப்ப ஓடுற 2.0 வெர்ஷன் 2005ல வந்தது. புது ஆப்புங்க பெரும்பாலும் 2014ல வந்த ஓப்பன்ஐடி கனெக்ட்ல ஓடும், எழுதுற விதம் வேற, அடிப்படை யோசனை இதேதான்.

சாம்எல்லோட வழக்கமான லாகின்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், கூகுள் சர்வரும் மூடில் சர்வரும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கறதே இல்ல. நடுவுல ஓடி ஓடிக் கொண்டு குடுக்கறது பூரா டீச்சரோட பிரவுசர்தான். அதனால ஸ்கூல் கட்டடத்துக்குள்ளயே வச்சிருக்கற மூடில் சர்வருக்கும், வெளிலேர்ந்து உள்ள வர ஒரு போர்ட் (நெட்வொர்க் வாசல்) கூட திறக்காம கூகுள் லாகின் வேலை செய்யும். பிரச்சினை வந்தா எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேப்ல அந்த லெட்டரையே பிடிச்சுப் படிக்கலாம், பார்க்க குழப்பமான எழுத்துக் குவியலா இருக்கும், பேஸ்64ங்கற குறியீட்டுல இருந்து மாத்துனா உள்ள நாம படிக்கக்கூடிய சாதாரண எக்ஸ்எம்எல் எழுத்துதான்.

சரி, டீச்சர் கை வழியாவே போற லெட்டர்னா நடுவுல யாராவது "டீச்சர்"ங்கறதை "பிரின்சிபல்"னு மாத்திட்டா? அங்கதான் கையெழுத்து. கூகுள்கிட்ட ஒரு ரகசியச் சாவி இருக்கு, அது வெளிய வரவே வராது. அதுக்கு ஜோடியான பொதுச் சாவி சர்ட்டிபிகேட்டா மூடில்கிட்ட ஏற்கெனவே இருக்கும், நீங்க செட்டப் பண்ணப்ப அப்லோட் பண்ணீங்களே அந்த ஃபைல்தான். ரகசியச் சாவியால போட்ட கையெழுத்தைப் பொதுச் சாவியால சரிபார்க்கலாம், ஆனா அதை வச்சுப் புதுசா ஒரு கையெழுத்து போட முடியாது. பேரோ பதவியோ ஒரு எழுத்து மாறுனாலும் கணக்கு ஒத்துவராது, லெட்டர் செல்லாது.

அந்த சர்ட்டிபிகேட்டுக்கு ஆயுசு உண்டு. மைக்ரோசாஃப்டோட லாகின் சர்வீஸான என்ட்ரால சும்மா விட்டா 3 வருஷம், கூகுள்ல 5 வருஷம். முடியறதுக்கு 60, 30, 7 நாள் முன்னாடி மைக்ரோசாஃப்ட் மெயில் அனுப்பும், ஆனா யாருக்குன்னா அந்த ஆப்பை முதல்ல சேர்த்தவருக்கு. அவரு வேற ஸ்கூலுக்குப் போயிட்டிருந்தா அந்த மெயிலைப் பார்க்க ஆளே இல்ல. இன்னைக்கே போய் அந்த இடத்துல ஒரு பொது மெயில்பாக்ஸ் அட்ரஸைப் போடுங்க, ரெண்டு நிமிஷ வேலை.

அடுத்தது கடிகாரம். நம்ம நாட்டுல இது பெரிய விஷயம். லெட்டர்ல "05:40:12 லேர்ந்து 05:45:12 வரை செல்லும்"னு இருக்கும், காலைல 7:40க்கு லாகின் பண்ணா 5:40 எப்படி வந்துதுன்னு பயப்படாதீங்க, சாம்எல் எப்பவும் யூடிசிங்கற உலகப் பொது நேரத்துல எழுதும், நாம அதுக்கு 2 மணி நேரம் முன்னாடி இருக்கோம், கடைசில இசட் எழுத்து இருந்தா யூடிசின்னு அர்த்தம். இப்ப 2023ல லோட் ஷெடிங் (முறை வச்சு கரன்ட் நிறுத்தறது) உச்சத்துல இருந்த நாட்களை நினைச்சுப் பாருங்க. கரன்ட் போகும்போது கம்ப்யூட்டரோட நேரத்தைக் காப்பாத்தறது மதர்போர்டுல இருக்கற காசு சைஸ் பேட்டரிதான், 3 வோல்ட். பழைய சர்வர்ல அது செத்துப் போயிருக்கும். கரன்ட் திரும்பி வந்ததும் சர்வர் ஏதோ ஒரு பழைய தேதியோட எழுந்திருக்கும், ஃபைபர் பாக்ஸும் ரவுட்டரும் அதுக்கு அப்புறம்தான் எழுந்திருக்கும், அதனால இன்டர்நெட்ல சரியான நேரம் கேட்கறதுக்கு அந்த நிமிஷம் வழி இல்ல. அப்ப கூகுள் போட்ட லெட்டர் வந்தா சர்வர் கண்ணுக்கு அது வருங்காலத்துல எழுதுன லெட்டர். பாஸ்வேர்டு சரி, கையெழுத்து சரி, இருந்தும் உள்ள விடாது. "தம்பி, நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு"ன்னு ஸ்டாஃப் ரூம்லேர்ந்து போன் வரும். பாஸ்வேர்டை ரீசெட் பண்ணிப் பிரயோஜனமே இல்ல. முதல்ல சர்வர்ல தேதியும் நேரமும் பாருங்க, பேட்டரியை மாத்துங்க, ஃபயர்வால்ல யூடிபி 123 அடைச்சிருக்கான்னு பாருங்க, நேரம் கேட்கற என்டிபி போறது அந்த வழியாத்தான்.

இதையெல்லாம் விட ஆபத்தானது ஒண்ணு சொல்றேன், ஏன்னா இதுல எந்த எரர் மெசேஜும் வராது. லெட்டர்ல "இவங்க யாரு"ங்கற இடத்துல என்ன எழுதறோம்? பெரும்பாலான ஸ்கூல்ல மெயில் ஐடி. டர்பன் பக்கம் ஒரு ஸ்டாஃப் லிஸ்ட்டை எடுத்தா கோவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லின்னு அதே பேருங்க திரும்பத் திரும்ப வரும். ஒரு பி. கோவெண்டர் ரிடையர் ஆனாங்க, மெயில் ஐடி காலியாச்சு, அடுத்த வருஷம் வேற ஒரு பி. கோவெண்டர் சேர்ந்தாங்க, அதே ஐடியைக் குடுத்துட்டோம். மூடிலுக்கு ரெண்டு பேரும் ஒரே ஆள். புதுசா வந்தவங்க முதல் நாளே பழையவங்களோட கிளாஸ், மார்க், பிள்ளைங்களைப் பத்தி எழுதி வச்ச குறிப்பு எல்லாத்தையும் திறந்துடுவாங்க. தனிநபர் தகவலைப் பாதுகாக்கற போப்பியா சட்டம் 2021 ஜூலை 1லேர்ந்து முழுசா கட்டாயம், பிள்ளைங்க தகவலுக்கு அதுல தனிப் பாதுகாப்பே இருக்கு, இது விளையாட்டு இல்ல. தலைகீழாவும் நடக்கும்: ஒரு டீச்சருக்குக் கல்யாணம் ஆகி குடும்பப் பேரு பிள்ளைலேர்ந்து மூட்லின்னு மாறுச்சு, மெயில் ஐடியை மாத்தினோம், மூடில் யாரோ புது ஆளுன்னு நினைச்சு காலி அக்கவுன்ட் திறந்து குடுத்துடும்.

அதனால அடையாளத்துக்கு மாறவே மாறாத ஒண்ணை வைங்க, ஸ்டாஃப் நம்பரோ என்ட்ராவோட ஆப்ஜெக்ட் ஐடியோ. ஓப்பன்ஐடி கனெக்ட்ல இதுக்குன்னே "சப்"னு ஒரு ஃபீல்டு இருக்கு, ஒருத்தருக்குக் குடுத்ததை இன்னொருத்தருக்குக் குடுக்கக் கூடாதுன்னு ஸ்டாண்டர்டுலயே இருக்கு. மெயில் ஐடியை எப்பவும் மறுபடி குடுக்காதீங்க, ரிடையர் ஆனவங்க ஐடி அவங்களோடயே போகட்டும்.

ஒரே சாவில எல்லாம் திறக்குதுன்னா திருடனுக்கும் அப்படித்தான், அதனால ரெண்டாவது படி வெரிஃபிகேஷன் கட்டாயம். 30 செகண்டுக்கு ஒரு தடவை மாறுற ஆறு இலக்க நம்பர் ஆப் நல்லது, டவர் இல்லாதப்பவும் வேலை செய்யும், எஸ்எம்எஸ் அப்படி இல்ல.

வேலையை விட்டுப் போறவங்க விஷயத்துல ஒரு ஓட்டை இருக்கு. கூகுள்ல அக்கவுன்டை நிறுத்துனா புது லெட்டர் கிடைக்காது, அவ்வளவுதான். ஏற்கெனவே உள்ள வந்தவங்களை மூடில் தன் கணக்குல வச்சிருக்கும், அதுக்குப் பேரு செஷன், போன்ல இருக்கற ஆப் டோக்கன், அதாவது மறுபடி பாஸ்வேர்டு கேட்காம உள்ள விடற சீட்டு, வாரக்கணக்குல உயிரோட இருக்கும். அதனால முதல்ல கூகுள்ல நிறுத்துங்க, அப்புறம் ஒவ்வொரு சாப்ட்வேர்லயும் போய் செஷனையும் டோக்கனையும் அழிங்க. ஸ்கிம்னு ஒரு ஸ்டாண்டர்டு இருக்கு, 2.0 வெர்ஷன் 2015ல வந்தது, சாப்ட்வேர் அதை சப்போர்ட் பண்ணா அக்கவுன்டை நிறுத்தற வேலை அதுவே அங்கயும் போய்ச் சேரும், வாங்கறதுக்கு முன்னாடி விக்கிறவங்ககிட்ட இதைக் கேளுங்க.

கடைசியா, எஸ்எஸ்ஓ வழியா போகாத ஒரு அட்மின் அக்கவுன்ட் ஒவ்வொரு சாப்ட்வேர்லயும் இருக்கணும், சர்ட்டிபிகேட் முடிஞ்ச அன்னைக்கு உள்ள போய் புதுசை ஏத்த வேற வழி இல்ல. நீளமான பாஸ்வேர்டா எழுதி கவர்ல ஒட்டி பிரின்சிபல் பீரோல வைங்க, டேர்முக்கு ஒரு தடவை பிரிச்சு லாகின் ஆகுதான்னு பார்த்துட்டு, பாஸ்வேர்டை மாத்தி புதுக் கவர்ல திரும்ப வச்சிடுங்க.