மார்ச் மாதத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரைக்குக் கிளம்பும் சேலத்துப் பெற்றோருக்கு

மகளுக்கோ மருமகளுக்கோ பிரசவம் பார்க்க பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பாஸ்டன், நியூஜெர்சி, கனெக்டிகட் பக்கம் கிளம்புகிற பெற்றோர் சேலத்தில் நிறையப் பேர். போவதற்கு முன் சுகர், பிரஷர் பார்க்க வரும்போது பலரும் சொல்வது இது: "ஜனவரியோட குளிர் முடிஞ்சிரும்னு பையன் சொன்னான் டாக்டர்." அந்தக் கரையோரத்தில் முடிவதில்லை. 1993 மார்ச் 12 முதல் 14 வரை ஒரே புயல் ஃப்ளோரிடாவிலிருந்து மெய்ன் வரை கிழக்குக் கரை முழுவதையும் முடக்கியது. 1997இல் மார்ச் கடைசி நாளும் ஏப்ரல் முதல் நாளும் சேர்ந்து பாஸ்டனில் 65 சென்டிமீட்டர் பனி கொட்டியது. 2018 மார்ச்சில் மூன்றே வாரத்தில் நான்கு புயல்கள்.

குளிர்காலத்தின் கடைசியில் வரும் இந்தப் புயலுக்கென்று ஒரு குணம் உண்டு. கனடாப் பக்கமிருந்து இறங்கும் உறைகுளிர்க் காற்றும், அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டத்துக்கு மேல் இருக்கும் ஈரக் காற்றும் சந்திக்கிற இடத்தில் காற்றழுத்தத் தாழ்வு பிறந்து, கரையை ஒட்டியே வடக்கே நகரும். கரையில் இருப்பவர்களுக்குக் காற்று வடகிழக்கிலிருந்து, கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும். மார்ச்சில் தரையருகே வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே இருப்பதால் பனி ஈரமாக, கனமாக விழும். ஒன்றிரண்டு டிகிரி கூடினால் கரையில் வெறும் மழை. கொஞ்சம் உள்ளே தள்ளி முழங்கால் உயரத்துக்குப் பனி. ஈரப்பனி மரக்கிளையிலும் மின்கம்பியிலும் ஒட்டிக்கொள்ளும், கிளை முறியும், கரண்ட் போகும். இந்தக் கனமும் கரண்ட் போவதும்தான் நம் பெரியவர்களுக்கு ஆபத்து. குளிரை மட்டும் நினைத்து ஸ்வெட்டரோடு தயாராகிறவர்கள் இந்த இரண்டையும் யோசிப்பதே இல்லை.

கனத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டு முன்னால் கார் நிற்கும் இடம் 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் என்று வையுங்கள். ஓர் அடிப் பனி விழுந்தால் அது சுமார் ஐந்தரை கன மீட்டர். ஜனவரியின் உலர்ந்த பனி கன மீட்டருக்கு 70 கிலோ அளவில் இருக்கும். மொத்தம் 400 கிலோவுக்குள் முடியும். மார்ச்சின் ஈரப்பனி 200 கிலோவும் அதற்கு மேலும் போகும். அதே இடத்தில் ஒரு டன்னுக்கு மேல். இது போதாதென்று, தெருவைச் சுத்தம் செய்யும் வண்டி வாசல் முகப்பில் தள்ளிவிட்டுப் போகும் பனி கட்டிப்பட்டு, எல்லாவற்றையும் விடக் கனமாகக் கிடக்கும்.

"மாப்பிள்ளை ஆபீஸ் மீட்டிங்கில இருக்கார், சும்மாதானே இருக்கோம்" என்று அறுபத்தைந்து வயது அப்பா மண்வாரியைத் தூக்கிக்கொண்டு இறங்குவார். அன்பில்தான் இறங்குகிறார். ஆனால் பழக்கமில்லாத உடம்பில், பனி வார ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே இதயத்துடிப்பு உச்ச அளவை நெருங்கிவிடும். குளிர்க்காற்று இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. கையால் தூக்கும் வேலை, காலால் நடப்பதைவிட பிரஷரை அதிகம் ஏற்றுகிறது. தம் பிடித்துத் தூக்கும்போது இன்னும் ஏறும். ரத்தம் அதிகம் வேண்டிய நேரத்தில் குழாய் குறுகிப்போகிறது. ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் ஆனவர்கள், சுகர், பிரஷர் உள்ளவர்கள், அறுபதைத் தாண்டி உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாதவர்கள் பனி வாரவே கூடாது. கொஞ்சமாக வாரலாமா என்று கேட்டாலும் எங்கள் பதில் அதுதான். பிரசவமான பெண்ணும் கூடாது. வீட்டில் வாருகிற இளையவர்களும் தூக்கி வீசாமல் தள்ள வேண்டும். பனி முழுக்க விழுந்து முடியும்வரை காத்திருக்காமல் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் சேர்ந்ததும் ஒருமுறை தள்ளிவிடுவது நல்லது.

சுகர் உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரும். மூச்சுத் திணறல், திடீர் வியர்வை, தாடை வலி, வாந்தி வருகிற மாதிரி இருப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் கேஸ் என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். அங்கே அவசர உதவிக்கான எண்ணான 911க்குப் போன் செய்யுங்கள். பில்லை நினைத்துத் தயங்கித் தாமதிப்பதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு. அவசர சிகிச்சைக்கு வந்தவரை, பணம் இருக்கிறதா என்று பாராமல் முதலில் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்று அங்கே 1986 முதல் சட்டம் இருக்கிறது. பில் பிறகு வரும். அதற்குத்தான் கிளம்பும்போதே, பழைய நோய்களையும் மறைக்காமல் சொல்லி இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்கிறோம்.

அடுத்தது கார்பன் மோனாக்சைடு. நிறமோ வாசனையோ இல்லாத நச்சு வாயு. இதில் நம் வீட்டுப் பழக்கம் ஒன்று நேராக ஆபத்தில் கொண்டுவிடும். குழந்தையைக் குளிப்பாட்டியதும் கொட்டாங்குச்சிக் கரி மூட்டிச் சாம்பிராணி போடுவோம். சேலத்து வீட்டில் ஜன்னலும் வாசலும் திறந்திருக்கும். அங்கே குளிருக்காகக் காற்றுப் புகாமல் கட்டிய வீடு. எரியும் கரியின் வாயு வெளியே போக வழியில்லை. கரண்ட் போன நாளில் அறையைச் சூடாக்கவும் அதே கரியை மூட்டத் தோன்றும். வீட்டுக்குள் கரி கூடவே கூடாது. பச்சைக் குழந்தையின் நுரையீரலுக்குச் சாம்பிராணிப் புகை எந்த ஊரிலும் நல்லதில்லை என்பதையும் பாட்டிமார்கள் மனது வைத்துக் கேட்க வேண்டும்.

கேஸ் அடுப்பை அறைச் சூட்டுக்காக எரியவிடாதீர்கள். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, வெளியே இருக்க வேண்டும். கராஜ் கதவைத் திறந்து வைத்தால் போதும் என்பது தவறு. பல வீடுகளில் ஹீட்டரின் புகைக்குழாய் பக்கச் சுவரில், தரைக்குச் சற்று மேலே வெள்ளை பிவிசி குழாயாக நீட்டிக்கொண்டிருக்கும். காற்று பனியைக் குவித்து அதை மூடிவிடும். போய் இறங்கிய வாரமே அது எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளிடம் கேட்டு வையுங்கள். புயலின்போது அவர்கள் அதைச் சுற்றிப் பனியை அகற்ற வேண்டும். காரின் சைலன்சர் குழாயும் அப்படித்தான். அதைச் சுற்றிப் பனியை எடுக்காமல், குழந்தையை உட்காரவைத்து ஹீட்டருக்காக என்ஜினை ஓடவிடக் கூடாது.

வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்றால் ஜலதோஷம் என்று நினைக்காமல் எல்லோரும் வெளியே வந்து 911ஐ அழையுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் கருவியை இதற்கு நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறியது என்றே எண்ணி 98, 99 என்று காட்டும். அதற்கான அலாரம் தனியாக உண்டு. பேட்டரி வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

உடையைப் பற்றி ஒன்றிரண்டு. ஏற்காட்டுக்குப் போட்டுப் போகும் ஸ்வெட்டர் இதற்குப் போதாது. மைனஸ் 5 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 14 போல. உள்ளே தெர்மல், நடுவில் கம்பளி, மேலே காற்றும் நீரும் புகாத கோட். பருத்தி பனியன் வியர்வையில் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துவிடும். இறுக்கமான ஷூவில் இரண்டு ஜோடி சாக்ஸ் திணித்தால் ரத்த ஓட்டம் குறையும். சுகரால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் தினமும் பாதத்தைப் பாருங்கள். விரல் வெளுத்து மரத்திருந்தால் தேய்க்காமல், நெருப்பில் காட்டாமல், 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். நீரின் சூட்டை வேறொருவர் கையால் பார்க்கட்டும். குப்பை போடச் செருப்போடு வெளியே போய், கதவு தானாகப் பூட்டிக்கொள்வதும் நடக்கிறது. சாவியும் போனும் கையில் இருக்கட்டும்.

மார்ச்சில் பகலில் உருகிய நீர் இரவில் கண்ணாடியாக உறையும். காலையில் ஈரத் தரை போலத்தான் தெரியும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அதில் விழுந்து தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.

குழந்தையைக் கார் சீட்டில் வைக்கும்போது பருத்த ஜாக்கெட் போடாதீர்கள். பட்டை இறுகியது போலத் தோன்றும், மோதினால் ஜாக்கெட் அமுங்கிக் குழந்தை நழுவும். மெல்லிய உடையில் பட்டையை மாட்டி, மேலே போர்வை போடுங்கள். பிரசவத் தேதியை ஒட்டிப் புயல் எச்சரிக்கை வந்தால், எப்போது கிளம்ப வேண்டும் என்று முந்தின நாளே டாக்டரிடம் பேசிவிடச் சொல்லுங்கள்.

கரண்ட் போனால் அங்கே பல வீடுகளில் அடுப்பும் எரியாது. அவல், பொட்டுக்கடலை, பிரெட், பழம், குடிநீர் மூன்று நாளுக்கு இருக்கட்டும். மூடியே வைத்த ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும். இன்சுலினை ஜன்னலுக்கு வெளியே பனியில் வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்தால் வீசிவிட வேண்டியதுதான். வழக்கமான மாத்திரைகளை, தங்கும் நாளுக்கு மேல் பத்து நாள் கூடுதலாக, டாக்டர் சீட்டோடு கைப்பையிலேயே எடுத்துப் போங்கள். விமானம் ரத்தானால் செக்-இன் செய்த பெட்டி கையில் கிடைக்காது. சீட்டில் மருந்தின் மூலப்பெயரை எழுதி வாங்குங்கள். நம் ஊர் பிராண்டுப் பெயர் அங்கே மருந்துக்கடையில் யாருக்கும் புரியாது.