வேலை செய்யாத பொத்தானும் 15 மாதக் குழந்தையும்

குழந்தையின் விடாமுயற்சியை எப்படி அளப்பது? ஒரு வழி இது. பாட்டுப் பெட்டி ஒன்று. மேலே பெரிய பொத்தான்; அழுத்தினால் பாடும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அது வேலை செய்யாது. வேலை செய்யும் பொத்தான் பெட்டியின் அடியில் மறைந்திருக்கிறது. ஆராய்ச்சியாளர் குழந்தை பார்க்காதபடி அதை இயக்கி, பாட்டைக் கேட்க வைத்து, நிறுத்திவிட்டுப் பெட்டியைக் குழந்தையிடம் கொடுக்கிறார். 2 நிமிடம் நேரம். குழந்தை பெரிய பொத்தானை மொத்தம் எத்தனை முறை அழுத்துகிறது, பெட்டியை உதவி கேட்டு நீட்டுவதற்கோ தூக்கி எறிவதற்கோ முன்னால் எத்தனை முறை என்று எண்ணுகிறார்கள்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜூலியா லெனார்டும் லாரா ஷுல்ஸும் சகாக்களுடன் 15 மாத வயதுக் குழந்தைகளிடம் நடத்திய இந்த ஆய்வு 2017இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. பெட்டியைக் கொடுக்கும் முன், சில குழந்தைகளுக்கு எதிரே ஒரு பெரியவர் டப்பாவுக்குள் இருந்த பொம்மைத் தவளையை எடுக்கத் திணறி, கடைசியில் எடுத்துக் காட்டினார். வேறு சில குழந்தைகளுக்கு எதிரே சட்டென்று எடுத்துவிட்டார். திணறலைப் பார்த்த குழந்தைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாகப் பொத்தானை அழுத்தினார்கள். இன்னும் சரியாகப் பேச்சு வராத வயதில்!

சரி, எதற்காக வேலை செய்யாத பொத்தான்? ஒரு புதிரைக் கொடுத்து, குழந்தை எவ்வளவு நேரம் உட்காருகிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கெட்டிக்காரக் குழந்தை ஒரே நிமிடத்தில் முடித்துவிட்டு எழுந்துவிடும். முடிக்கத் தெரியாத குழந்தை ஐந்து நிமிடம் மல்லுக்கட்டும். நாம் அளந்தது விடாமுயற்சியையா, திறமையையா? யாராலும் முடிக்க முடியாத வேலையாக இருந்தால் இந்தக் குழப்பம் பெருமளவு குறைகிறது.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நடக்காத காரியத்தைச் சீக்கிரம் விட்டுவிடும் குழந்தை, நிலைமையைச் சரியாகப் புரிந்துகொண்டதாகவும் இருக்கலாம். அதனால் ஜார்ஜ் மார்கன் போன்ற உளவியலாளர்கள் வேறு வழியில் போனார்கள். ஒரே வகைப் பொம்மையைப் பல கடினநிலைகளில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழந்தைக்கும் ஏற்ற நிலையைத் தேடிப் பிடிப்பார்கள். குழந்தை அதில் கொஞ்சம் செய்யும், முழுவதும் முடிக்காது. அதுதான் ஏற்ற நிலை. பிறகு 4 நிமிடத்தை 15 நொடித் துண்டுகளாகப் பிரித்து, எத்தனை துண்டுகளில் குழந்தை வேலையிலேயே கவனமாக இருந்தது என்று குறிப்பார்கள். அதிகபட்ச மதிப்பெண் 16. எனக்கு இந்த முறைதான் நியாயமாகப் படுகிறது. வளர்ச்சி தாமதமான குழந்தையையும் அதன் சொந்தத் திறனை வைத்தே பார்க்கிறது. பக்கத்துக் குழந்தையோடு பந்தயம் விடுவதில்லை.

பெரியவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதும் இந்த எண்களை அசைக்கும். லெனார்ட் குழுவினர் 2021இல் 4, 5 வயதுக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். குழந்தை புதிரோடு போராடும்போது பெரியவர் குறுக்கே வந்து தானே முடித்துக் கொடுத்தால், அடுத்து வரும் கடினமான வேலையை அந்தக் குழந்தை சீக்கிரமே கைவிட்டது. வேறு விதமாக உதவியபோதும், தலையிடாமல் விட்டபோதும் குழந்தைகள் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள். “தா, நான் பண்ணித் தர்றேன்” என்று நாம் அன்போடுதான் சொல்கிறோம். ஆனாலும் அதன் பாதிப்பு சில நிமிடங்களிலேயே அளவீட்டில் தெரிந்துவிடுகிறது.

இவ்வளவு மெனக்கெடாமல், கேள்வித்தாளை நிரப்பச் சொன்னால் போதாதா? பல ஆய்வுகளில் அப்படித்தான் செய்கிறார்கள், செலவும் குறைவு. ஆனால் “நான் கடினமாக உழைப்பேன்” என்ற வரிக்கு ஒரு மாணவர் மதிப்பெண் போடும்போது, தன்னைச் சுற்றியிருப்பவர்களோடு ஒப்பிட்டே போடுகிறார். எல்லாரும் விழுந்து விழுந்து படிக்கும் பள்ளியில் இருப்பவர் தன்னைச் சோம்பேறி என்று நினைத்துக் குறைத்துப் போடுவார். விடாமுயற்சிக்கான பிரபலமான கேள்வித்தாளை உருவாக்கிய ஏஞ்செலா டக்வொர்த்தே, டேவிட் யேகருடன் சேர்ந்து 2015இல் இந்தக் குறையை விளக்கி எழுதினார். இப்போதுள்ள அளவுகோல்களை வைத்துப் பள்ளிகளுக்கு மதிப்பெண் போடக் கூடாது என்றும் அதில் எச்சரித்தார்.