ஃப்ளூ ஊசியின் பக்கவிளைவுக்கு ஆயுள் இரண்டு நாள்

"ஊசிக் காய்ச்சல்தானே டாக்டர், தானா போயிடும்னு இருந்துட்டேன்."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த இளைஞர் இரண்டு முறை மூச்சு வாங்கினார். முதுகெலும்பு வாதத்துக்காக, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் அடாலிமுமாப் ஊசியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்பவர். ஃப்ளூ தடுப்பூசி போட்ட நான்காம் நாள் காய்ச்சல் ஆரம்பித்திருக்கிறது. ஒன்பதாம் நாள்தான் என்னிடம் வந்தார். நடுவில் அந்தக் காய்ச்சலோடேயே அடாலிமுமாபையும் முறை தவறாமல் போட்டிருக்கிறார். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி முழுக்க வெள்ளை. நிமோனியா.

அதே வாரத்தில் இதற்கு நேர் எதிரான இன்னொன்று. இருபது வருடமாக முடக்குவாதம் உள்ள ஒரு அம்மா, உண்மையான ஃப்ளூ காய்ச்சலோடு ஆக்ஸிஜனில் படுத்திருந்தார். ஏன் ஊசி போடவில்லை என்று கேட்டேன். "போன வருஷம் போட்டு ரெண்டு நாள் எழுந்திருக்கவே முடியலை டாக்டர். வாதம் கிளம்பிடுச்சு. அதான் இந்த வருஷம் வேண்டாம்னுட்டேன்." போன வருடச் சீட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஊசி போட்டு மூன்று வாரம் கழித்து என்னிடம் வந்திருக்கிறார். வீங்கிய மூட்டு ஒன்றுகூட இல்லை என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.

ஒருவர் இரண்டு நாள் வலிக்குப் பயந்து ஊசியையே விட்டார். இன்னொருவர் ஐந்து நாள் காய்ச்சலை ஊசியின் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தார். இரண்டு பேருக்கும் தெரியாமல் போனது ஒன்றுதான். ஃப்ளூ தடுப்பூசியின் வழக்கமான பக்கவிளைவுகளுக்கு ஒரு கால அளவு உண்டு.

ஊசி போட்ட அன்று மாலையோ மறுநாளோ தொடங்கும். ஊசி போட்ட கையில் வலி, லேசான சிவப்பு, வீக்கம். சிலருக்கு உடம்பு வலி, தலைவலி, அசதி, லேசான காய்ச்சல். ஒன்று அல்லது இரண்டு நாளில் அடங்கிவிடும். அவ்வளவுதான். மூன்றாம் நாள் புதிதாக ஆரம்பிக்கும் காய்ச்சலுக்கும், மூன்றாம் நாளும் குறையாமல் அடிக்கும் காய்ச்சலுக்கும் ஊசியைக் காரணம் சொல்லாதீர்கள். மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம், வாத நோய்க்கு மருந்து எடுப்பவர்களிடம் காய்ச்சல் முழுதாக வெளியே தெரியாது. ஸ்டீராய்டு அதை அமுக்கும். டோசிலிசுமாப் என்ற வாத மருந்தைப் போட்டுக்கொள்பவர்களுக்கு நுரையீரலில் கிருமி இருந்தாலும், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு ஏறாமல் இருக்கலாம். அதனால் தெர்மாமீட்டரில் 100 தாண்டவில்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். மூச்சு வாங்குகிறதா, இருமல் கூடுகிறதா, சாப்பாடு இறங்குகிறதா என்று பாருங்கள்.

இனி, தினமும் கேட்டு நான் களைத்துப்போகும் ஒரு பேச்சுக்கு வருகிறேன். "எனக்கு எதிர்ப்பு சக்தி ஏற்கெனவே அதிகம், அதனால்தான் இந்த நோய். ஊசி அதை இன்னும் தூண்டிவிடும்." படித்தவர்கள் சொல்கிறார்கள். சில நேரம் வேறு துறை மருத்துவர்களே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறு. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முடக்குவாதம், லூபஸ், சொரியாசிஸ் வாதம், கிரோன்ஸ் என்ற குடல் நோய் எல்லாவற்றிலும் எதிர்ப்பு சக்தி "அதிகமாக" இருப்பதில்லை. தவறான இடத்தில் வேலை செய்கிறது. மூட்டுச் சவ்வையும் தோலையும் குடலையும் தாக்கிக்கொண்டிருக்கும் அதே உடம்பு, வெளியிலிருந்து வரும் கிருமியிடம் சாதாரணமானவர்களைவிடச் சுலபமாகத் தோற்றுப்போகிறது. நோயும் அப்படி, நாங்கள் கொடுக்கும் மருந்தும் அப்படி. அதிகம் இருந்தால் நிமோனியா ஏன் உங்களைத் தேடி வருகிறது?

சரி, ஊசியில் என்னதான் இருக்கிறது? அரை மில்லி திரவம். அதில் மூன்று வகை ஃப்ளூ வைரஸ்களின் மேற்புறப் புரதம், வழக்கமான ஊசியில் வகைக்கு 15 மைக்ரோகிராம். மொத்தம் 45. அது பெருகாது. உடம்பு அதைப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ளும், அதற்கு எதிராக ஆன்டிபாடி செய்யும். உங்கள் மூட்டுக்கு எதிராகச் செய்வதில்லை. உண்மையான ஃப்ளூ வந்தாலோ வைரஸ் மணிக்கு மணி பெருகி மூச்சுக்குழாய் முழுக்கப் பரவும். நாள் கணக்கில் அழற்சி கொதிக்கும். தூண்டுதலுக்குப் பயப்படுகிறவர் எதற்கு அதிகம் பயப்பட வேண்டும்?

இன்னொரு விஷயம். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் செய்து 2018இல் வெளியான ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஆறு மடங்கு ஆனது. முடக்குவாதமும் லூபஸும் உள்ளவர்களுக்கு இதய நோய் அபாயம் ஏற்கெனவே கூடுதல் என்பதால் இந்த எண் என் மனதிலிருந்து இறங்குவதே இல்லை.

"ஆனால் டாக்டர், எனக்கு ஊசிக்கு அப்புறம் நிஜமாகவே மூட்டு வீங்கியது" என்பவர்களும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு நான்கு முறை நோய் கிளம்பும் ஏழு பேரை எடுத்துக்கொள்வோம். காலண்டரில் கண்ணை மூடி ஒரு தேதியில் விரல் வையுங்கள். அந்தத் தேதிக்கு அடுத்த இரண்டு வாரத்துக்குள் ஏழு பேரில் சராசரியாக ஒருவருக்கு நோய் கிளம்பியிருக்கும், ஊசியே போடாமல். போட்டிருந்தால் பழி ஊசிக்குப் போகும். போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், ஃப்ளூ ஊசியால் வாத நோய் அதிகமாகக் கிளம்புகிறது என்று தெரியவில்லை.

உடம்பு வலியையும் நோய் கிளம்புவதையும் வீட்டிலேயே பிரித்துவிடலாம். காலையில் எழுந்ததும் கையை இறுக்கி மூடிப் பாருங்கள். விரல் நுனிகள் உள்ளங்கையைத் தொடுகின்றனவா? மோதிரம் வழக்கம்போல் கழல்கிறதா? பிறகு கைவிரல் கணுக்களைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். உள்ளே எலும்பு கெட்டியாகத் தட்டுப்பட்டால் வீக்கம் இல்லை. ஈரப் பஞ்சை அழுத்துவதுபோல் மெத்தென்று அமுங்கினால் அது வீக்கம். ஊசியின் வலி தசையில் இருக்கும், தொடை, தோள், முதுகு என்று பரவலாக. வாதத்தின் வலி மூட்டில் இருக்கும், காலை விறைப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டும், நாளுக்கு நாள் கூடும். ஒரு வாரம் ஆகியும் இப்படி இருந்தால் வாருங்கள், பார்த்துச் சரிசெய்யலாம். அதற்கு மருந்து இருக்கிறது.

ஊசி போட்டதால் ஃப்ளூவே வந்துவிட்டது என்பவர்களுக்கு: ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸின் பகுதி, அதனால் நோய் வராது. பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும், அதற்குள் கிருமி தொற்றினால் ஊசி என்ன செய்யும்? மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே வகை மட்டும் வேறு. அதில் வலுவிழந்த உயிருள்ள வைரஸ் இருக்கிறது. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு அது வேண்டாம். எந்த வகை என்று கேட்டுவிட்டு, ஊசி வகையைப் போடுங்கள்.

தீவிரமான பக்கவிளைவே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். கடுமையான ஒவ்வாமை பத்து லட்சம் ஊசிக்கு ஒன்று என்ற அளவில் வருகிறது, பெரும்பாலும் சில நிமிடங்களில். அதற்காகத்தான் பதினைந்து நிமிடம் உட்காரச் சொல்கிறோம். "பார்க்கிங்கில் வண்டி நிற்கிறது" என்று எழுந்து ஓடாதீர்கள். நரம்புகளைத் தாக்கிக் கை கால்களைப் பலவீனமாக்கும் கில்லன் பாரே என்ற நோய் 1976இல் அமெரிக்காவில் போட்ட பன்றிக் காய்ச்சல் ஊசியோடு லட்சத்துக்கு ஒருவருக்கு என்ற அளவில் சேர்ந்து வந்தது. அதன் பிறகு வந்த ஊசிகளில் கூடுதல் அபாயம் இருந்தாலும் பத்து லட்சத்துக்கு ஒன்றிரண்டுதான். ஃப்ளூ காய்ச்சலாலும் அதே நோய் வரும், இன்னும் அதிகமாகவே. முன்பு அது வந்தவர் என்றால் ஊசிக்கு முன் கட்டாயம் சொல்லுங்கள். ஊசிக்குப் பின் வரும் வாரங்களில் கால் மரத்து, பலவீனம் மேலே ஏறினால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வாத மருத்துவராக எனக்கு எரிச்சல் தரும் ஒரு பக்கவிளைவு உண்டு, அது ஊசி மருந்தின் குற்றமே இல்லை. தோளில் மிகவும் மேலே குத்திவிடுவார்கள். ஊசி தசைக்குப் போகாமல் மூட்டுக்கு மேல் இருக்கும் நீர்ப்பையில் இறங்கும். இரண்டு நாளில் போக வேண்டிய வலி மாதக்கணக்கில் நிற்கும், கை தூக்க முடியாது. தோள் எலும்பின் நுனியிலிருந்து இரண்டு மூன்று விரல் அகலம் கீழேதான் இடம். இறுக்கமான சட்டையின் கழுத்தை இழுத்துத் தோளை மட்டும் காட்டாதீர்கள். கை முழுக்கச் சுருட்ட முடிகிற சட்டை போட்டுப் போங்கள். போடுபவரும் நீங்களும் உட்கார்ந்திருப்பது நல்லது. ஏற்கெனவே வீக்கமுள்ள தோள் என்றால் மற்ற கையைக் கொடுங்கள்.

மருந்துகளைப் பற்றி. இங்கேதான் ஆளாளுக்கு ஒன்றைச் செய்துவிட்டு வருகிறார்கள், கெஞ்சிக் கேட்கிறேன், செய்யாதீர்கள். பிரெட்னிசோலோனை ஊசிக்காக ஒருநாள்கூட நிறுத்த வேண்டாம். மாதக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டால் உடம்பின் சொந்த ஸ்டீராய்டு உடனே சுரக்காது. வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் விழுவது, மயக்கம். "ஊசி ஒத்துக்கலை" என்று தூக்கிக்கொண்டு வந்த ஒருவருக்கு நடந்தது இதுதான். யாரோ சொன்னார்களென்று ஊசிக்கு முன் நான்கு நாள் மாத்திரையை நிறுத்தியிருந்தார்.

மெத்தோட்ரெக்ஸேட் என்ற வாத மாத்திரை மட்டும் தனி. தென் கொரியாவில் 300க்கு மேற்பட்ட முடக்குவாத நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. ஊசிக்குப் பின் இரண்டு வாரம் அதை நிறுத்தியவர்களில் நான்கில் மூன்று பேருக்கு ஊசி நன்றாகப் பிடித்தது. நிறுத்தாதவர்களில் பாதிக்குச் சற்று மேல்தான். அமெரிக்க வாத மருத்துவர்கள் அமைப்பின் (ஏசிஆர்) 2022 வழிகாட்டுதலும், நோய் அடங்கியிருந்தால் இரண்டு வாரம் நிறுத்தலாம் என்கிறது. ஊசிக்கு முன் நிறுத்துவதல்ல, பின். அதுவும் உங்கள் வாத மருத்துவர் சரி என்ற பிறகு. விட்ட மாத்திரையை மூன்றாம் வாரம் சேர்த்துப் போடாதீர்கள். அது வாரத்துக்கு ஒருநாள் மாத்திரை, தினமும் போட்டு உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

ரிட்டுக்ஸிமாப் என்ற வாத மருந்து போட்டவர்களுக்கு ஃப்ளூ ஊசி சரியாகப் பிடிக்காது. ஆனாலும் ஃப்ளூ பரவும் பருவத்தில் காத்திருக்காமல் போட்டுவிடுங்கள், கொஞ்சம் பாதுகாப்பும் பாதுகாப்புதான். 65 வயது தாண்டியவர்களும், வயது குறைந்தாலும் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருப்பவர்களும், அதிக அளவு மருந்துள்ள ஊசி கிடைத்தால் அதைக் கேட்கலாம். கிடைக்கவில்லை என்றால் கையில் இருப்பதைப் போடுங்கள். அன்று உங்களுக்குக் காய்ச்சல் இருந்தால் மட்டும் தள்ளிப்போடுங்கள்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும், வந்த பிறகு. வரும் என்று முன்கூட்டியே விழுங்க வேண்டாம். அடுத்த சில நாளில் இஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனை இருந்தால் ஒரு வாரம் தள்ளிவையுங்கள். ஊசியால் சிஆர்பி சற்று ஏறியிருக்கலாம். அதைப் பார்த்து நோய் கூடிவிட்டதென்று யாராவது மருந்தைக் கூட்டி எழுதினால் அந்தச் சிக்கல் வேறு. ஊசி போட்ட தேதியை மருந்துச் சீட்டின் மேல் எழுதிவையுங்கள், எனக்கு அது பாதி வேலையை மிச்சப்படுத்தும். ஊசி போட்டும் ஃப்ளூ வரலாம். காய்ச்சலும் இருமலும் உடம்பு வலியுமாக வந்தால் முதல் 48 மணி நேரத்துக்குள் வாருங்கள், ஃப்ளூவுக்கான மருந்து ஓசெல்டமிவிர் அப்போது கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். அந்தக் காய்ச்சல் ஓயும்வரை அடாலிமுமாப் போன்ற ஊசிகளைப் போடாமல், எங்களைக் கேளுங்கள்.

அந்த இளைஞர் ஆறாம் நாள் வீட்டுக்குப் போனார். அடாலிமுமாபை இன்னும் ஆரம்பிக்கவில்லை, அடுத்த எக்ஸ்ரே பார்க்க வேண்டும். அந்த அம்மாவுக்கு ஆக்ஸிஜன் எடுத்தாயிற்று. ஆனால் நோய்த் தொற்றால் மூன்று வாரம் மருந்துகளை நிறுத்த வேண்டி வந்ததில், இப்போது இரண்டு மணிக்கட்டும் நிஜமாகவே வீங்கியிருக்கின்றன. அழுத்திப் பார்த்தேன், பஞ்சுபோல் அமுங்குகிறது. நேற்று அவரே கேட்டார்: "அந்த ஊசியை எப்போ போடலாம் டாக்டர்?" நெஞ்சு தெளிந்து காய்ச்சல் முழுதாக நின்றதும் போடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.