சூரியப் புள்ளி சுழல்கிறதா? கொடைக்கானலில் கிடைத்த பதில்

சைக்ளோன் என்ற சொல் பிறந்தது கல்கத்தாவில். கப்பலில் வேலை பார்த்திருந்த ஹென்றி பிடிங்டன், கப்பல் குறிப்பேடுகளைப் புரட்டிப் புரட்டிப் புயல் காற்று ஒரு மையத்தைச் சுற்றுகிறது என்று கண்டு, பாம்புச் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரை உருவாக்கி, 1848-இல் மாலுமிகளுக்கான கையேட்டில் அச்சேற்றினார். புயலுக்குப் பொருத்தமான பெயர்தான். ஆனால் சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளும் அங்கே அடிக்கும் சூறாவளிகள்தானோ என்ற எண்ணமும் அந்த நூற்றாண்டில் வானியலாளர்களிடம் இருந்தது.

1908-இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் வானியலாளர் ஜார்ஜ் ஹேல் ஹைட்ரஜன் ஒளியில் எடுத்த படங்களில் புள்ளிகளைச் சுற்றிச் சுருள் சுருளாக இழைகள் தெரிந்தன. சரி, அப்படியானால் சுழற்சியின் வேகத்தை அளந்துவிடலாமே?

பழனி மலையில், கொடைக்கானல் ஆய்வகத்தில், வானியலாளர் ஜான் எவர்ஷெட் அந்தச் சுழற்சியைத்தான் தேடினார். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் அதன் நடுவே மெல்லிய கோடுகள் தெரியும், அவைதான் நிறமாலைக் கோடுகள். நம்மை நோக்கி வரும் வாயுவின் கோடு நீலப் பக்கம் நகரும், விலகிப் போனால் சிவப்புப் பக்கம். இதுதான் டாப்ளர் விளைவு. சூரிய வட்டின் விளிம்புக்குப் பக்கத்தில் உள்ள ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். அது சுழன்றால், கருவிக்குள் ஒளியை விடும் குறுகிய பிளவை விளிம்புக்கு இணையாக வைக்கும்போது ஒரு பக்கம் நீலம், எதிர்ப்பக்கம் சிவப்பு என்று கோடு சாய வேண்டும். 1909 ஜனவரி 5 அன்று அவர் கண்டதோ வேறு. வட்டின் மையத்திலிருந்து விளிம்பை நோக்கிப் பிளவை வைத்தபோதுதான் கோடு சாய்ந்தது: மையத்தை ஒட்டிய பாதி நீலம், விளிம்பை ஒட்டிய பாதி சிவப்பு. அதாவது வாயு புள்ளியைச் சுற்றவில்லை. புள்ளியின் நடுவிலிருந்து நாலாபுறமும் வெளியே பாய்கிறது, விநாடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வேகத்தில்! எதைத் தேடினோமோ அது இல்லை என்று தன் கருவியே காட்டும்போது அதை ஒப்புக்கொள்வது லேசான காரியமில்லை. இன்று அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர்.

அப்போ ஹேல் பார்த்த சுருள்? தலையில் இருக்கும் சுழியைப் பாருங்கள், முடி சுழன்று கிடக்கிறதே தவிர எதுவும் சுற்றுவதில்லை. அதே மாதிரி, அந்த இழைகள் காந்தப்புலத்தின் போக்கில் படிந்தவை. புள்ளிகளில் வலுவான காந்தப்புலம் இருப்பதை அதே 1908-இல் ஹேலே கண்டுபிடித்துவிட்டார் என்பது வேடிக்கை. அந்தப் புலம் உள்ளிருந்து வெப்பம் கொதித்து மேலே வருவதைத் தடுப்பதால்தான் புள்ளி கறுப்பாகத் தெரிகிறது. அப்புறம், நாம் பார்க்கும் சூரிய மேற்பரப்பான ஒளி மண்டலத்துக்கு மேலே உள்ள அடுக்கில் வாயு எதிர்த்திசையில், புள்ளியை நோக்கி உள்ளே பாய்வதும் தெரியவந்தது. சில புள்ளிகள் நாட்கணக்கில் மெதுவாகத் திரும்பவும் செய்கின்றன, ஆனால் அதைச் சூறாவளி என்று சொல்ல முடியாது.