நோயாளி அசையக்கூடாது, ஸ்கேனர் நடக்கலாம்

தண்டையார்பேட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “தலையைத் திறந்து ஆபரேஷன் நடக்கும்போதே தியேட்டருக்குள் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்களாமே, அது எப்படி? அந்தக் கதிர் அங்கே இருப்பவர்கள்மேல் படாதா?” கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் விரைவுச்சாலையில் பைக் ஓட்டும் ஊர்க்காரர்களுக்கு வர வேண்டிய கேள்விதான்.

அடிப்படை பள்ளிக்கூட இயற்பியல். எக்ஸ்ரே குழாய் ஒரு பக்கம், உணர்விகள் எதிர்ப்பக்கம். இரண்டும் தலையைச் சுற்றிவர, எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் தப்பி வந்தது என்பதைக் கொண்டு கணினி குறுக்குவெட்டுப் படத்தைக் கட்டுகிறது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில், சி.டி. ஸ்கேனரை உருவாக்கிய பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரம் முதல் நோயாளியைப் படம் பிடித்தபோது எடுத்ததும் தலையைத்தான். அடர்த்தி அளவுகோல் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. தண்ணீர் 0, காற்று -1000, மூளைத் திசு ஏறத்தாழ 25 முதல் 40, புதிதாக உறைந்த ரத்தம் 60 முதல் 80, கெட்டி எலும்பு 1000ஐயும் தாண்டும். எண் கூடக்கூடப் படம் வெளுக்கும். ரத்தக்கட்டி படத்தில் வெள்ளையாகத் தெரிவது இதனால்தான்.

சரி, ஆபரேஷனுக்கு முன்பே ஸ்கேன் எடுத்தாயிற்றே, நடுவில் இன்னொன்று எதற்கு? மண்டை திறந்தபின் மூளை பழைய இடத்தில் இருப்பதில்லை. மூளையின் உறையைக் கீறியதும் மூளைத் தண்டுவட நீர் வடிகிறது, வீக்கம் குறைய மேனிடால் என்ற மருந்து ஏறுகிறது, கட்டியை எடுத்த இடம் குழியாகிறது. மூளை ஒரு சென்டிமீட்டர்கூட இறங்கிவிடலாம். காலையில் எடுத்த படத்தை நம்பி வழிகாட்டும் நேவிகேஷன் கருவி அப்போது பழைய முகவரியைத்தான் காட்டும்.

விபத்துக் கேஸில் நிலைமை இன்னும் மோசம். வலப்பக்கம் உறைக்கடியில் தேங்கிய ரத்தத்தை எடுத்துக்கொண்டிருக்கும்போதே மூளை திடீரென்று புடைத்து வெளியே வருகிறது. ஒரு காரணம் இடப்பக்கம் ஒளிந்திருக்கலாம். அங்கே எலும்பு முறிவையொட்டிக் கிழிந்த நாளத்தை இவ்வளவு நேரமும் உள்ளழுத்தம்தான் அமுக்கி வைத்திருந்தது. இந்தப் பக்கம் அழுத்தம் இறங்கியதும் அந்தப் பக்கம் கசிவு பெருக்கெடுக்கிறது. சர்ஜனின் கண்ணுக்கு அது தெரியாது. அவசரமாகத் தையல் போட்டு, வென்டிலேட்டரோடு ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அல்லது மறுபக்கம் உத்தேசமாகத் துளை போட்டுப் பார்க்க வேண்டும். தியேட்டரிலேயே ஸ்கேனர் இருந்தால் இந்த இரண்டும் தேவையில்லை.

இனி எனக்குப் பிடித்த பகுதி. சாதாரண ஸ்கேன் அறையில், குழாயும் உணர்விகளும் பொருத்திய வளையம் நின்ற இடத்தில் நிற்கும், படுக்கை உள்ளே நகரும். தியேட்டரில் அது நடக்காது. நோயாளியின் தலையை மூன்று முனைக் கவ்வி, ஏறத்தாழ முப்பது கிலோ எடைக்குச் சமமான அழுத்தத்தில் மண்டையோட்டைப் பிடித்து மேஜையோடு இறுக்கியிருக்கிறது. (எலும்பு நொறுங்கிய கேஸ்களில் முனை குத்தாமல் குதிரைலாட வடிவத் தாங்கியில் கிடத்துவார்கள்.) தொண்டையில் குழாய், மணிக்கட்டுத் தமனியில் ஊசி, இரண்டு கையிலும் டிரிப். மேஜையை அரை அடி நகர்த்தினாலும் ஏதாவது ஒன்று பிடுங்கிக்கொள்ளும். ஆகவே கையை அசைக்காமல் வளையலை ஏற்றுவதுபோல, ஸ்கேனரே தலைமேல் ஏறி இறங்க வேண்டும்.

தலைக்கென்றே செய்த சிறிய மாதிரி நானூறு கிலோ அளவுக்கு எடை இருக்கும். வராந்தாவில் சக்கரங்களில் தள்ளி வருவார்கள். ஸ்கேன் தொடங்கும்போது அந்தச் சக்கரங்கள் மேலே மடங்கிக்கொள்ள, இயந்திரம் அடியிலுள்ள ரப்பர் பட்டைகளில் உட்கார்ந்து ஊர ஆரம்பிக்கிறது. உணர்விகள் எட்டு வரிசை, ஒவ்வொன்றும் 1.25 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு ஒரு சென்டிமீட்டர் நகர்வு, சுற்றுக்கு இரண்டு விநாடி என்று வைத்துக்கொண்டால், 16 சென்டிமீட்டர் உயரத் தலைக்கு அரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும்.

அழகு அந்த ஊர்தலின் துல்லியத்தில் இருக்கிறது. சுழன்றுகொண்டே நகர்வதால் குழாயின் பாதை ஒரு சுருள். ஒவ்வொரு வெட்டுப்படமும் பக்கத்துச் சுற்றுகளின் அளவுகளை இழைத்துக் கணக்கிட்டதுதான். வளையம் பத்து மில்லிமீட்டர் போனதாகக் கணினி நினைக்க, பட்டை வழுக்கி உண்மையில் ஒன்பதுதான் போயிருந்தால், வழவழப்பான மண்டையோட்டு விளிம்பு படிக்கட்டாகத் தெரியும். எலும்புச் சில்லின் ஆழமும் தவறும். ஆகவே தரை கோணலாகவோ, டைல்ஸ் மூட்டு தூக்கியோ, நடுவில் டயதர்மி (ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கும் கருவி) ஒயர் கிடந்தோ இருக்கக்கூடாது. கோடி ரூபாய்க் கருவியைக் கெடுக்க ஒரு ஒயர் போதும். அடிப்பீடம் அசையாமல் வளையம் மட்டும் அதன்மேல் சறுக்கும் மாதிரிகளும் உண்டு. அவற்றுக்குத் தரையைப் பற்றிக் கவலை குறைவு, விலையும் இடமும் அதிகம்.

சிறிய மாதிரியின் வாய் 32 சென்டிமீட்டர்தான். தோள் நுழையாது. கழுத்து குட்டையானவர்களுக்கு மண்டையின் அடிப்பகுதி எட்டாமல் போகும். அதனால் விரிப்பு போடும் முன்பே ஒருமுறை வளையத்தை வெறுமனே ஓட்டிப் பார்த்து, கவ்வி எங்கே இடிக்கிறது, மூச்சுக்குழாய் எங்கே மாட்டுகிறது என்று கண்டுவிட வேண்டும். இதை விட்டால், நடுவில் வளையம் கவ்வியில் உரசும். அப்புறம் நேவிகேஷன் காட்டும் புள்ளி எதையும் நம்ப முடியாது.

ஸ்கேனுக்கு முன் ரத்தக் கசிவை நிறுத்தி, பஞ்சுத் துண்டுகளை எண்ணி, காயத்தை விரித்துப் பிடித்திருக்கும் இரும்பு விலக்கிகளை எடுத்து, காயத்தைக் கிருமி நீக்கிய விரிப்பால் இரண்டடுக்கு மூடுவார்கள். வளையத்துக்கும் பிளாஸ்டிக் உறை. எல்லாம் சேர்த்துப் பத்துப் பதினைந்து நிமிடம் போய்விடும். கதிர் ஓடுவது அதில் அரை நிமிடம்தான்.

உலோகம்தான் முதல் எதிரி. உணர்வியில் விழும் கதிரின் மடக்கையை, அதாவது லாகரிதத்தை, எடுத்துத்தான் கணக்கே தொடங்குகிறது. எஃகுக்குப் பின்னால் கதிர் ஏறக்குறைய பூஜ்யம். பூஜ்யத்தை நெருங்கும் எண்ணின் மடக்கை கட்டுக்கடங்காமல் தாவும். அந்தத் தாவல்தான் படம் முழுக்க வெள்ளைக் கீற்றுகளாக விரிகிறது. கார்பன் ஃபைபர் கவ்வி இதற்காகத்தான். கம்மல், மூக்குத்தி, ஹேர்பின் எல்லாம் கழற்ற வேண்டும். புஜத்துத் தாயத்தைக் கழற்றச் சொல்லி உறவினரோடு சண்டை போட வேண்டியதில்லை. தலைப் படத்தை அது கெடுக்காது, காப்பாற்றவும் காப்பாற்றாது.

இரண்டாவது, குழியில் அடைத்த ரத்தம் நிறுத்தும் பஞ்சு. அதற்குள் சிக்கிய காற்று, படத்தில் கறுப்புக் குமிழிகளாக வரும். எதை எங்கே அடைத்தோம் என்று சர்ஜன் சொல்லாவிட்டால் படம் பார்ப்பவர் குழம்புவார். மூன்றாவது, உணர்விகளின் வெப்பம். இரவில் ஏ.சி.யை அணைத்துவிட்டு, அளவுத்திருத்தம் செய்யாமல் எடுத்தால், படத்தில் வட்ட வட்டமாகக் கோடு விழும்.

கதிர் பற்றிய கேள்விக்கு வருவோம். தலை சி.டி. ஒன்றுக்கு நோயாளி பெறுவது சுமார் 2 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிரை அளக்கும் அலகு). இயற்கையிலிருந்தே உலக மனிதர் சராசரியாக ஆண்டுக்கு 2.4 பெறுகிறார். மற்றவர்கள் அந்த அரை நிமிடம் அறையைவிட்டு வெளியேறுவார்கள், அல்லது ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று மயக்க டாக்டர் மானிட்டரைக் கவனிப்பார். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் நான்கில் ஒரு பங்காகும். சிதறி வரும் மிச்சத்தை ஈயம் பிடித்துக்கொள்ளும். இந்தியாவில் இப்படி ஒரு கருவியை வைக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் கட்டாயம்.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கியது 1950இல், சி.டி. என்ற பெயரே உலகத்தில் இல்லாத காலத்தில். இன்று கருவி வாங்கப் பணம் புரட்டுவது அவ்வளவு கடினமில்லை என்பது என் கருத்து. டெண்டரில் ஸ்கேனர் மட்டும் இருக்கும். கார்பன் ஃபைபர் கவ்வி இருக்காது, எக்ஸ்ரே குழாய் மாற்றும் செலவு இருக்காது, ராத்திரி இரண்டு மணிக்கு அதை ஓட்டத் தெரிந்த டெக்னீஷியனுக்குப் பணியிடம் இருக்காது. விபத்துத் தலைகள் வருவதோ பெரும்பாலும் அந்த நேரத்தில். இந்த மூன்றையும் எழுதாத டெண்டரில் கையெழுத்துப் போடுகிறவரிடம், ஸ்கேனரின் பேட்டரியை யார் மாற்றுவார்கள் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.